கல்கத்தாவில் ஒரு பாக்தாது

ஆயிரத்தொரு இரவுக் கதைகளைச் சிறு வயதில் கேளாதார் நம்முள் அரியர். கன்னித்தீவுப் படக்கதையில் சிந்துபாதை நாள்தோறும் தேடிப் படித்தவர்களும் நம் விடுதியில் உளர். அக்கதைகளின் அரபு மூலம் உலகில் முதன்முதலாக அச்சேறிய ஊர் எது என்று கேட்டால் கெய்ரோ என்போம், பாக்தாது என்போம். இரண்டும் அல்ல. நாம் தங்கிப் படிக்கும் இந்தக் கல்கத்தாவே அது. 1814-இல் ஒரு தொகுதியும் 1818-இல் மறு தொகுதியுமாக, வில்லியம் கோட்டைக் கல்லூரியில் அரபு பயில்வோரை எண்ணி அது இங்கே வெளியாயிற்று. பிறகு 1839 முதல் 1842 வரை நான்கு தொகுதிகளில் விரிவான வேறொரு பதிப்பும் இந்நகரிலேயே வந்தது. கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்த பர்ட்டன் பெரிதும் சார்ந்திருந்தது அப்பதிப்பைத்தான்.

இதை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் ஊர் நண்பர் ஒருவர் ஜெட்டா துறைமுகத்தில் பணிபுரிகிறார். அந்நகரின் பழம்பகுதியான அல்-பலதைச் சுற்றிப் பார்த்துவிட்டு எனக்கு நீண்ட மடல் எழுதியிருந்தார். செங்கடலில் வெட்டிய பவழப் பாறைகளால் கட்டிய வீடுகள், தெருவை நோக்கி நீண்டு நிற்கும் செதுக்கு மரப் பலகணிகள், அப்பலகணிகளுக்கு இந்தியாவிலிருந்து கப்பலில் சென்ற தேக்கு, மெக்கா செல்லும் பயணிகளால் பல நாட்டு முகங்கள் நிறைந்த கடைத்தெரு எனப் பலவும் எழுதியிருந்தார். 2014-இல் அப்பகுதி உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது என்றும் குறித்து, "உங்கள் கல்கத்தாவில் இப்படி ஒன்று உண்டோ?" என்று கேட்டு முடித்திருந்தார். விக்டோரியா மண்டபத்தையும் ஹௌரா பாலத்தையும் தவிர வேறு எதையும் பாராத எனக்கு அவ்வினா சற்றே சுட்டது. அதன் விளைவே இக்கட்டுரை.

உண்டு என்பதே விடை. சென்ட்ரல் மெட்ரோ நிலையத்திலிருந்து கால்மணி நேர நடைக்குள், லால்பஜாருக்கும் படாபஜாருக்கும் இடையே அது கிடக்கிறது. நாம் பாராததற்குக் காரணம் அது மறைந்திருப்பதன்று. அதன்மேல் ஆயிரம் கடைகள் அமர்ந்திருப்பதுதான்.

இப்பகுதி உருவான விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1690-இல் ஆங்கிலேயர் சார்னாக் சுதாநுதிக் கரையில் இறங்கிய பின், தெற்கே லால் திகி என்னும் குளத்தைச் சுற்றி வெள்ளையர் குடியேறினர். வடக்கே வங்காளிகளின் ஊர். சென்னையில் கோட்டைக்கு வெளியே 'கறுப்பர் பட்டணம்' என்று இருந்ததே, அதுபோன்ற பிரிவினை. ஆனால் துறைமுகம் என்றால் இரண்டு நிறத்தார் மட்டுமா வருவர்? ஆர்மீனியர், போர்ச்சுகீசியர், அரபு நாட்டு யூதர், பார்சிகள், கச்சு நாட்டு மேமன்கள், சீனர் எனப் பலர் வந்தனர். இங்குமில்லாமல் அங்குமில்லாமல் நடுவே கிடந்த நிலத்தில் அவர்கள் தங்கினர். 'சாம்பல் நகரம்' என்று சிலர் இதற்குப் பெயரிட்டுள்ளனர். பெயர் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நகரில் வண்ணம் மிகுந்த பகுதி எதுவோ அதற்குச் சாம்பல் என்று பெயர்!

ஞாயிறு விடியலில் புறப்படுவது நன்று. கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். கட்டடங்களின் முகம் அன்றுதான் தெரியும். ஆனால் ஞாயிறு காலை மெட்ரோவை நம்ப வேண்டா. அன்று அது தாமதித்தே ஓடத் தொடங்குகிறது. பேருந்தே துணை. முதலில் போத்தார் கோர்ட்டை ஒட்டிய திரெட்டி பஜார். வெனிசு நகரத்தவரான எட்வர்டு திரெட்டா என்பவரின் பெயர் தாங்கிய இடம். அங்கே சீனர்கள் தெருவோரத்தில் ஆவி பறக்கும் கொழுக்கட்டைகளும் மீன் உருண்டைச் சாறும் விற்பர். நம் கொழுக்கட்டை என்று எண்ணிச் சைவ அன்பர்கள் கைவைத்துவிட வேண்டா. உள்ளே இருப்பது பூரணமன்று. விற்போருள் சீனர் இன்று சிலரே. 1962-ஆம் ஆண்டுப் போரை ஒட்டிச் சீனக் குடும்பங்கள் பலவற்றை இராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமில் அடைத்தனர். மீண்டு வந்தோரில் பலர் கனடா முதலிய நாடுகளுக்குப் போய்விட்டனர். எட்டு மணிக்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிடும்.

அங்கிருந்து மேற்கே நடந்தால் எஸ்ரா தெரு. இப்போது அது மின்விளக்குக் கடைகளின் தெரு. விளக்குப் பெட்டிகளுக்குப் பின்னே, 1839-இல் ருஸ்தம்ஜி கவாஸ்ஜி பானாஜி என்னும் பார்சி வணிகர் எழுப்பிய அக்கினி ஆலயம் ஒன்று சிதைந்து நிற்கிறது. கிதிர்ப்பூரில் கப்பல் துறை வைத்து நடத்தியவர் அவர். தீ அணையாது காக்க வேண்டிய இடத்தில் நெருப்பும் இல்லை, காப்பாரும் இல்லை. சுற்றிலும் விளக்குகள் மட்டும் விலைக்கு எரிகின்றன.

தெருவுக்குப் பெயர் தந்த எஸ்ரா யார்? இங்குதான் நம் அரபுக் கதை தொடங்குகிறது. சிரியா நாட்டு அலெப்போ நகரிலிருந்து ஷாலோம் கோஹன் என்னும் யூத வணிகர், சூரத்து வழியாக 1798-இல் கல்கத்தா வந்து சேர்ந்தார். நவமணி வாணிகம் அவர் தொழில். பின்னாளில் லக்னோ அரசவைக்கும் மணி மதிப்பிட்டார். அவரைத் தொடர்ந்து பாக்தாதிலிருந்தும் பாசுராவிலிருந்தும் யூதர் பலர் வந்தனர். சிலர் வாணிகம் நாடி வந்தனர். சிலர் பாக்தாது ஆளுநர் தாவூது பாஷாவின் கொடுமைக்கு அஞ்சி வந்தனர். அவுரி, பட்டு, அபினி, பிற்காலத்தில் சணல் என்று அவர்கள் கைவைத்த பொருள்கள் பல. தாவீது யோசேப்பு எஸ்ரா என்பவர் நிலத்திலும் கட்டடத்திலும் பணம் போட்டார். சௌரங்கிப் பக்கம் நாம் அண்ணாந்து பார்க்கும் பெருமாளிகைகள் சிலவற்றுக்கு அக்குடும்பமே உடைமை.

இவர்கள் மதத்தால் யூதர், பேச்சால் அரபியர். வீட்டில் அரபு பேசி, அதனை எபிரேய எழுத்தில் எழுதினர். அவ்வாறு எழுதிய இதழ்கள் 1873-இல் தொடங்கி அந்நூற்றாண்டின் இறுதி வரை ஒன்றன்பின் ஒன்றாகக் கல்கத்தாவில் அச்சாயின. 'மெவாசெர்' முதலாவது, 'பெராஹ்' அடுத்தது. இதைப் படித்ததும் நமக்கு வியப்பு எழக்கூடாது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முஸ்லிம் பெருமக்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதி, அர்வி என்று அதற்குப் பெயரிட்டு, நூல்கள் பல செய்துள்ளனர். நாவில் ஒரு மொழி, மறைநூலில் ஓர் எழுத்து. இரண்டையும் விட மனமில்லாதவர் கண்ட வழி அது. கல்கத்தா யூதர் செய்ததும் அதுவே. நம் தமிழ்த் துறைகளில் அர்விக்கு எத்தனை பேர் ஆராய்ச்சி செய்கிறார்கள் என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.

அவர்கள் கட்டிய ஜெபாலயங்கள் மூன்று இங்கே அருகருகே உள்ளன. பொல்லாக் தெருவில் 1856-இல் எழுந்த பெத்தேல் ஒன்று. பிரபோர்ன் சாலையும் கானிங் தெருவும் கூடும் முனையில் 'அமைதியின் உறைவிடம்' எனப் பொருள்படும் நெவே ஷாலோம் மற்றொன்று. அதன் பக்கத்திலேயே மாகேன் தாவீது, அதாவது தாவீதின் கேடயம். தாவீது எஸ்ராவின் நினைவாக மகன் எலியாசு 1884-இல் கட்டியது. செங்கல் சிவப்பில், கடிகாரம் பதித்த உயர்ந்த கோபுரத்தோடு நிற்பதால் மாதாகோயில் என்றே எல்லாரும் நினைப்பர். நானும் ஈராண்டு அவ்வாறே நினைத்துப் பேருந்தில் கடந்து போயிருக்கிறேன்.

வாயிலில் நடைபாதைக் கடைகள். பைகளும் பொம்மைகளும் தொங்கும் வரிசைக்கு நடுவே ஓர் ஆள் நுழையும் இடைவெளி, அதற்கப்பால் கதவு. அடையாள அட்டையைக் கேட்டார்கள். பழக்கத்தால் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். காவலர் வேண்டா என்று கைகாட்டித் தலையை மூடிக்கொள்ளச் சொன்னார். ஒரு குல்லாயும் கொடுத்தார். உள்ளே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தளம், மெல்லிய தூண்கள், மாடியில் பெண்டிர் அமரும் வரிசை, வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். கிழக்கு ஆலயங்களில் கருவறை இருக்குமிடம் போன்ற ஓர் அரைக் குவிமாடம். நீல வானில் விண்மீன் தெளித்தாற்போல் தீட்டியிருக்கிறார்கள். தூசு இல்லை. மரப்பெஞ்சுகள் பளபளத்தன. வெளியே கானிங் தெருவின் கூச்சல் உள்ளே ஒரு துளியும் வரவில்லை.

ஆனால் பெஞ்சுகளில் அமர ஆள் இல்லை. யூத முறைப்படி பத்து ஆடவர் கூடினாலன்றிக் கூட்டு வழிபாடு முழுமையாக நடவாது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், பர்மாவிலிருந்து தப்பி வந்தோரையும் சேர்த்து ஐயாயிரம் பேர் அளவுக்கு இந்நகரில் யூதர் இருந்தனர். 1947-க்குப் பின் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, இஸ்ரேல் என்று பிரிந்து போயினர். 1971-இல் டாக்காவில் பாக்கிஸ்தான் படை சரணடைந்தபோது அதற்கான பேச்சை நடத்திய தளபதி ஜேக்கப் இக்குலத்தவர், இந்நகரில் பிறந்தவர். இன்று இங்கிருப்போர் ஒரு சிறு வகுப்பறையை நிரப்பவும் போதார், பெரும்பாலும் முதியோர்.

அப்படியானால் தளத்தைத் துடைத்தது யார்? பெஞ்சைப் பளபளப்பாக்கியது யார்? ஒடிசா மாநிலத்திலிருந்து வந்த முஸ்லிம் குடும்பத்தார், தலைமுறை தலைமுறையாக இந்த ஜெபாலயங்களைக் காத்து வருகின்றனர். எனக்குக் குல்லாய் தந்த காவலரும் அவர்களுள் ஒருவர். ஓய்வுநாள் எது, எந்தப் பண்டிகைக்கு எந்த விளக்கு என்பதெல்லாம் அவருக்குப் பாடம். 1881-இல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளியும் இன்று வேறிடத்தில் நடக்கிறது. படிக்கும் சிறுமியரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மேற்கு ஆசியாவில் நாள்தோறும் நடப்பவற்றைச் செய்தித்தாளில் படிக்கும் நமக்கு இது ஏதோ அதிசயமாகத் தோன்றலாம். அவரிடம் அதை அதிசயம்போல் விசாரித்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், கேள்விதான் அதிசயமானது என்பது விளங்கிற்று. தந்தை பார்த்த வேலை, மகன் பார்க்கிறார், அவ்வளவே.

நிற்க. அருகிலேயே முர்கிஹாட்டாவில் போர்ச்சுகீசியர் மாதாகோயில், 1799-இல் கட்டியது. கோழிச் சந்தை என்பது அவ்விடப் பெயரின் பொருள். கிறிஸ்துமசுக்கு முன் அப்பகுதியில் விற்கும் நட்சத்திர விளக்குகளைப் பார்க்கப் போகலாம்.

அதைத் தாண்டி ஆர்மீனியர் ஆலயம். சந்துக்குள் சந்து, கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும். 1724-இல் எழுந்தது, நகரின் மிகப் பழைய கிறித்தவ ஆலயம் இதுவே. முற்றம் முழுவதும் கல்லறைக் கற்கள் பாவியிருக்கின்றன. எழுத்துகள் நமக்குப் புரியாதவை. ரெசா பீபி என்னும் மாதரின் கல்லில் 1630 என்று ஆண்டு உள்ளதாகப் படித்துள்ளனர். அது சரியாயின் சார்னாக் வருவதற்கு அறுபது ஆண்டு முன்னரே இங்கு ஆர்மீனியர் வாழ்ந்தனர் என்றாகும். அந்த ஆண்டை ஐயுறும் அறிஞரும் உளர். எப்படியாயினும் இந்நகருக்கு ஆங்கிலேயர் முதற்பிள்ளை அல்லர் என்று காட்ட ஆர்மீனியர் விரும்பிச் சுட்டும் கல் அது. சனவரி 6-ஆம் நாள் இங்கே கிறிஸ்துமசு.

ஆர்மீனியர் நமக்கு அயலார் அல்லர். சென்னை ஜார்ஜ் டவுனில் அரண்மனைக்காரத் தெருவை ஆர்மீனியன் தெரு என்றும் அழைப்பர். பவழ வாணிகம் செய்த யூதரால் பெயர் பெற்ற பவழக்காரத் தெருவும் ஜார்ஜ் டவுனிலேதான் இருக்கிறது. சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் 1726-இல் பாலம் கட்டித் தந்தவர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர். இன்று மறைமலையடிகள் பாலம் நிற்குமிடம் அது. உலகின் முதல் ஆர்மீனிய மொழி இதழான 'அஸ்தரார்' 1794-இல் வெளியானதும் சென்னையில்தான். கல்கத்தாவிலோ 1821-இல் அவர்கள் ஒரு கல்லூரி தொடங்கினர். ஆர்மீனியாவிலிருந்தும் ஈரானிலிருந்தும் பிள்ளைகள் அங்கு வந்து தங்கிப் படித்துள்ளனர். வீட்டை விட்டு வந்து விடுதிச் சோற்றைக் குறை சொல்லும் கூட்டம் நாம் மட்டுமல்லோம்.

இறுதியாகக் கிழக்கே திரும்பினால் ஜக்கரியா தெருவும் ரவீந்திர சரணியும் கூடுமிடத்தில் நாகுதா பள்ளிவாசல். 1926 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினர். கச்சு மேமன் குலத்தவர், கப்பல் வணிகர் அப்துர் ரஹீம் உஸ்மான் முன்னின்று எடுப்பித்தது. சிக்கந்தராவிலுள்ள அக்பர் கல்லறையைப் பார்த்து அமைத்த வடிவம். பத்தாயிரம் பேர் ஒருங்கே தொழலாம். 'நாகுதா' என்றால் பாரசீகத்தில் கப்பல் தலைவன். நாகூர், காயல் பக்கத்து நண்பர்களுக்கு இச்சொல்லை நான் விளக்கத் தேவையில்லை. மரக்கலத் தலைவரை அவர்கள் ஊரிலும் அவ்வாறே அழைத்தனர். அதன் முன்பகுதியான 'நாவ்' நம் 'நாவாய்' என்ற சொல்லையும் நினைவூட்டுகிறது. தொழுகை நேரம் தவிர்த்துச் சென்று, செருப்பைக் கழற்றி, கேட்டுக்கொண்டு உள்ளே போகலாம். நோன்பு மாதத்து மாலையில் ஜக்கரியா தெருவில் ஹலீமும் சேமியாவும் பழமும் அத்தரும் ஒரே காற்றில் மணக்கும். அன்று கூட்டத்தில் நடப்பது நம் கையில் இல்லை, கூட்டத்தின் கையில்.

இத்தனையும் சொன்ன நான் ஒன்றை மறைக்கலாகாது. இப்பகுதியின் பெரும்பகை தீ. 2008-இல் நந்தராம் மார்க்கெட் எரிந்தது. 2018-இல் கானிங் தெருவின் பாக்ரி மார்க்கெட் நாட்கணக்கில் எரிந்தது. 2025 ஏப்ரல் இறுதியில் மேச்சுவாப் பகுதி விடுதி ஒன்றில் பற்றிய தீயில் பதினான்கு பேர் மாண்டனர். சுற்றுலா வந்த தமிழ்க் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். ஊரிலிருந்து பெற்றோரோ உறவினரோ வந்து படாபஜார் பக்கம் மலிவாக அறை எடுத்தால், மாடிப்படி எத்தனை, வெளிவழி எங்கே, சன்னல் திறக்கிறதா என்று பார்த்த பின்னரே பெட்டியை இறக்குங்கள். பழைய கட்டடம் என்பதனால் அன்று. பழைய கட்டடத்தின் படிக்கட்டில் புதிய சரக்கை அடுக்குவதனால் வரும் கேடு இது.

பாக்தாதியர் போனார்கள், சீனர் போனார்கள் என்று எழுதிக்கொண்டே வரும்போது, லேக் மார்க்கெட் நினைவுக்கு வந்தது. முந்தைய தலைமுறையில் அங்கே தெருவுக்குத் தெரு தமிழ்க் குடும்பங்கள். ஆங்கிலக் கம்பெனிகளில் கணக்கரும் சுருக்கெழுத்தருமாக வந்தவர்கள். 1960-களின் பிற்பகுதி முதல் கம்பெனிகள் நகரை விட்டு நகர, பிள்ளைகளும் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடலுக்கப்பாலும் நகர்ந்தனர். இன்றும் அங்கே காப்பிப் பொடி அரைக்கும் மணம் உண்டு. வாழையிலைக் கட்டும் கிடைக்கும். ஆனால் இலை வாங்க வருவோர் பாதிக்கு மேல் வங்காளிகளே. கடைக்காரர் ஒருவர் என்னிடம் வங்காளத்தில் விலை சொன்னார். நான் தமிழில் பதில் சொன்னதும் அவருக்கு உண்டான மகிழ்ச்சியில் கறிவேப்பிலைக்குக் காசு வாங்கவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. மாகேன் தாவீதில் குல்லாயைத் திருப்பிக் கொடுக்கும்போது காவலர் வருகைப் பதிவேட்டை நீட்டினார். ஆங்கிலத்தில் எழுதப் போனவன், நிறுத்தித் தமிழில் பெயரெழுதினேன். அவர் எழுத்தை உற்றுப் பார்த்து இது எந்த ஊர் எழுத்து என்று கேட்டார். சொன்னேன். முன் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். எபிரேயம் இருந்தது, வங்காளம் இருந்தது, சீன எழுத்துகூட ஓரிடத்தில் இருந்தது. தமிழ் இல்லை. அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு மறுபடியும் போகிறேன். வர விரும்புவோர் அடையாள அட்டையோடு காலை ஆறு மணிக்கு விடுதி வாயிலுக்கு வந்து சேருங்கள்.